மாத்திரை போட்டாச்சா?

உங்கள் வீட்டில் மருந்து வைக்கும் டப்பா ஒன்று இருக்கும். பழைய பிஸ்கட் டின்னாக இருக்கலாம், ஐஸ்கிரீம் டப்பாவாக இருக்கலாம். ஒரு நிமிஷம் எழுந்து போய் அதைத் திறந்து பாருங்கள்.

பத்தில் ஆறு மட்டும் பிதுக்கி எடுத்த மாத்திரை அட்டை ஒன்று கண்ணில் படுகிறதா? ஐந்து நாள் சாப்பிடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, மாத்திரையும் விட்டது! பக்கத்தில் மூடி ஒட்டிக்கொண்ட இருமல் சிரப் பாட்டில். என்றைக்கோ தேதி முடிந்துபோன கண் சொட்டு மருந்து.

என் டப்பாவில் இந்த மூன்றும் இருக்கின்றன. ஆகவே இந்தக் கட்டுரையில் யாரையும் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யோசித்துப் பாருங்கள். ஹோட்டலில் காசு கொடுத்து வாங்கிய தோசையில் கால்வாசியை மீதி வைத்தால்கூட நமக்கு மனசு கேட்பதில்லை. ஆனால், டோக்கன் வாங்கி, ரெண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, ஃபீஸ் கொடுத்து, மருந்துக் கடையில் பில் கட்டி வாங்கிய மாத்திரையை அப்படியே விட்டுவிடுகிறோம். அதுவும் யாருக்காக வாங்கியது? நமக்காக. ஏன் இப்படி?

இது ஒன்றும் நம் காலத்தில் வந்த வியாதி இல்லை. கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் பழைய ஏடுகளில் ஒன்று, வைத்தியர்களுக்கு ஓர் எச்சரிக்கை தருகிறது. கொடுத்த மருந்தைச் சாப்பிட்டதாக நோயாளிகள் பொய் சொல்வார்கள், ஜாக்கிரதை என்று! இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக அவர்கள் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நாம் 'சாப்பிட்டேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

2003-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்காகவே ஓர் அறிக்கை வெளியிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி நீண்டகால நோய் உள்ளவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஏழை நாடுகளில் இன்னும் குறைவு என்றது அந்த அறிக்கை. படித்தவர்களும் வசதியானவர்களும் உள்ள ஊரிலேயே பாதிதான். 'ஜனங்களுக்கு விவரம் பத்தலை சார்' என்று ஒரே வரியில் கேஸை முடிக்க முடியாது.

அப்புறம் என்னதான் காரணம்? ஒரு பெண்மணியின் கதையைச் சொல்கிறேன். அவருடைய பெயர் வேண்டாம். வேலை பார்க்கும் கம்பெனியின் பெயரும் வேண்டாம்.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோயில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கிற இடம் ஒரகடம். ஒரு காலத்தில் ஏரியும் நெல்லுமாக இருந்த பக்கம். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தொழிற்சாலை வந்தது. 2014-ல் அது மூடப்பட்டது. இதற்கிடையில் ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கின. இன்று ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அந்தக் கூட்டுரோட்டில் நின்றால், கம்பெனி பஸ்களைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அங்கே என் நண்பர் ஒருவர் சின்னதாக கிளினிக் வைத்திருக்கிறார். ஒரு பொங்கல் முடிந்த வாரம், அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நெற்றியில் தையல் பிரிக்க ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயசு இருக்கும். கூடவே கல்லூரியில் படிக்கும் மகள்.

அவருக்கு ரத்த அழுத்தம். எட்டு மாதமாக என் நண்பரிடம்தான் வைத்தியம். முதலில் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். பிரஷர் இறங்கவில்லை. டோஸைக் கூட்டினார். இறங்கவில்லை. இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். ஒவ்வொரு தடவையும், "ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்பார். "போடறேன் சார்" என்று பதில் வரும்.

பொங்கலுக்கு நாலு நாள் லீவு. வீட்டுக்கு வந்த மகள், அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, சீட்டில் எழுதியபடியே அத்தனை மாத்திரையையும் வேளை தவறாமல் கொடுத்திருக்கிறாள். பாசம்தான். மூன்றாம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்த அம்மா, கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, வாசல்படியில் விழுந்தார். நெற்றியில் நாலு தையல். பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது.

எட்டு மாதமாகச் சாப்பிடாத மாத்திரைக்கு, எட்டு மாதமாக டோஸ் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார் டாக்டர்! அத்தனையும் ஒரே மூச்சில் உள்ளே போனால் என்ன ஆகும்?

தையலைப் பிரித்துவிட்டு நண்பர் அமைதியாகக் கேட்டார். "நிஜத்தைச் சொல்லுங்கம்மா. மாத்திரையை எப்படிப் போட்டுக்கிட்டிருந்தீங்க?"

"திட்ட மாட்டீங்களே சார்?"

"மாட்டேன்."

"அந்த வெள்ளை மாத்திரை போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது சார். நான் லைன்ல நிக்கறவ. கன்வேயர் நமக்காக நிக்காது. ரிலீவர் வந்து என் இடத்துல நின்னாத்தான் நான் நகர முடியும். ஒரு தடவை போலாம், ரெண்டு தடவை போலாம். மூணாவது தடவை சூப்பர்வைசர் என்னன்னு கேப்பாரு. சின்னப் பையன் சார் அவரு. அவர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"அதனால?"

"ஞாயித்துக்கிழமையில மட்டும் போடுவேன். மத்த நாள்ல போடறதில்ல. வேலை நாள்ல தண்ணியே கம்மியாத்தான் குடிப்பேன்."

"இதை ஏம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

அந்த அம்மா யோசிக்கவே இல்லை. "நீங்க கேக்கலியே சார். போட்டீங்களான்னுதான் கேட்டீங்க."

அவர்கள் போன பிறகு நண்பர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்போம். நல்லது எது என்று தெரிந்தும் மனிதன் ஏன் அதைச் செய்வதில்லை? தத்துவத்தின் பழைய கேள்விகளில் ஒன்று இது. நல்லது எது என்று நிஜமாகவே தெரிந்தால், எவனும் அதற்கு விரோதமாக நடக்க மாட்டான். நடக்கிறான் என்றால் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம் என்றார் சாக்ரடீஸ். அப்படி இல்லை, தெரிந்திருந்தும் மனம் தளர்ந்து வழுக்கி விழுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள் என்றார் அரிஸ்டாட்டில்.

மருந்து சாப்பிடாதவர்களை நாமும் இந்த இரண்டு டப்பாவில்தான் போடுகிறோம். ஒன்று, விவரம் தெரியாதவர். இல்லாவிட்டால், சோம்பேறி, மனவுறுதி இல்லாதவர்.

இந்த அம்மா எந்த டப்பாவில் சேர்வார்? பிரஷர் ஏறினால் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். அவருடைய அண்ணனே பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். மனவுறுதி இல்லாதவரா? எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றுகொண்டு வேலை செய்கிறவருக்கு இல்லாத மனவுறுதியா! அவர் அறியாமையில் விடவில்லை, சோம்பலிலும் விடவில்லை. ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். பிரஷர் என்றைக்கோ வந்து அடிக்கும். வேலை இன்றைக்கே போகும். மகளின் ஃபீஸ் கட்டும் தேதி காலண்டரில் இருக்கிறது. பக்கவாதத்துக்குத் தேதி இல்லை.

கணக்கு தப்பாக இருக்கலாம். ஆனால் அது ஒரு கணக்கு. அதைக் கேட்காமல் 'பொறுப்பில்லாத பேஷன்ட்' என்று சொன்னால், பொறுப்பில்லாதவர் யார்?

டாக்டர்கள் இதற்கு ரொம்ப நாளாக ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள். 'கம்ப்ளையன்ஸ்.' தமிழில் சொன்னால் கீழ்ப்படிதல். நான் சொன்னேன், நீ செய்தாயா? பள்ளிக்கூடத்து ஹோம்வொர்க் மாதிரி. ஹோம்வொர்க் செய்யாத பையன் என்ன செய்வான்? 'நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் டீச்சர்' என்பான். பிறகு அந்த வார்த்தையை மெல்ல விட்டுவிட்டு 'அட்ஹியரன்ஸ்', அதாவது கடைப்பிடித்தல் என்ற வார்த்தைக்கு வந்தார்கள். வார்த்தை மட்டும் மாறவில்லை. மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து ஒப்புக்கொண்டதைக் கடைப்பிடிப்பது என்று அதற்கு விளக்கம் சொன்னது அந்த 2003 அறிக்கை. சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்றால், முதலில் சேர்ந்து பேச வேண்டுமே!

மருந்துச் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1-0-1 என்று எழுதியிருக்கும். காலையில் ஒன்று, மத்தியானம் கிடையாது, ராத்திரி ஒன்று. ஒன்பது மணிக்கு ஆபீஸ் போகிற உங்களுக்கும் எனக்கும் இது புரியும். ஒரு வாரம் ஏ ஷிப்ட், அடுத்த வாரம் பி, அதற்கடுத்த வாரம் சி என்று சுற்றுகிற பையனுக்குக் காலை என்பது எது? ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, விடிந்ததும் ரூமுக்கு வந்து படுக்கிறானே, அது அவனுடைய ராத்திரியா, காலையா? 'சாப்பாட்டுக்குப் பின்' என்று சீட்டு சொல்கிறது. அவன் கடைசியாகச் சாப்பிட்டது கேன்டீனில், நடுநிசியில்.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தின் மேலேறி எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார் என்பது வைணவ மரபு. அவர் பிறந்த மண்ணில் மருந்துச் சீட்டு மட்டும் இன்னும் ரகசிய மந்திரமாகவே இருக்கிறது!

விலையும் ஒரு காரணம். மருந்தின் விலையைச் சொல்லவில்லை. மருந்து வாங்கப் போவதன் விலை. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். ஆனால், அது பகலில் திறந்திருக்கும். பகல் ஷிப்டில் இருப்பவர் லீவு போட்டால்தான் போக முடியும். அன்றைய சம்பளம் போகும், கம்பெனியைப் பொறுத்து அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி உண்டு; சம்பளத்தில் 70 சதவிகிதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. ஆனால், பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. நம் ஆட்கள் போடுவதோ ஒரு நாள், இரண்டு நாள் லீவுதான்.

சரி, நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். 'அப்படியானால் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா? எல்லாப் பழியும் கம்பெனிக்கும் டாக்டருக்கும்தானா?'

நியாயமான கேள்வி. இதற்கும் என் நண்பரே ஒரு கதை சொன்னார்.

வெளி மாவட்டத்துப் பையன். கான்ட்ராக்ட் வேலை. எட்டுப் பேர் தங்கும் ரூம். காசநோய் என்று தெரிந்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக மருந்து ஆரம்பித்தார்கள். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். காசநோயின் தந்திரம் என்ன தெரியுமா? ஒன்றிரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும். எடை கூடும். பசிக்கும். 'சரியாயிடுச்சு' என்று உடம்பே சாட்சி சொல்லும். ஆனால் கிருமி உள்ளே மிச்சம் இருக்கும்.

போதாக்குறைக்கு, அதில் ஒரு மருந்து சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால், பொது பாத்ரூமில் யாராவது பார்த்துவிட்டால்? 'உனக்கு என்ன வியாதி?' என்று கேட்டுவிட்டால்? சோப்பு டப்பாவுக்குள் மாத்திரையை ஒளித்து வைத்திருந்தான் அந்தப் பையன். மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டான். சில மாதம் கழித்து மறுபடி இருமிக்கொண்டே வந்தான். இந்தத் தடவை கிருமி மருந்துக்குக் கட்டுப்படுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. அவனோடு தங்கியிருந்த ஏழு பேரையும் பரிசோதிக்க வேண்டியிருந்தது.

இங்கே 'என் உடம்பு, என் இஷ்டம்' என்று சொல்ல முடியுமா? முடியாது. பாதியில் விட்ட காசநோய் மருந்து, கிருமிக்குப் பயிற்சி கொடுத்தது மாதிரி. அந்தக் கிருமி அவனோடு நிற்காது. அடுத்த பெர்த்தில் தூங்குகிறவனுக்குப் போகும். எனவே அவனுக்குப் பொறுப்பு உண்டு. அதை இல்லை என்று சொல்வது அவனை மனுஷனாக மதிக்காததற்குச் சமம்.

ஆனால் அந்தப் பொறுப்பை அவன் தனியாகத் தூக்க வேண்டுமா? காசநோய் மாதிரி நீண்ட நோய்க்கு இ.எஸ்.ஐ.யில் கூடுதலான உதவி இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு வருஷமாவது தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். பதினோரு மாதக் கான்ட்ராக்டில் இருக்கும் பையன் அதற்கு எங்கே போவான்?

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழியை நம் ஊரிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் கூட்டு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமை.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். காற்றோட்டம், படுக்கை, பால், முட்டை. இவர்கள் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு சானடோரியத்தில். இன்னொரு குழு அவரவர் வீட்டில்; நெரிசலான, ஏழைப்பட்ட வீடு, அரைகுறைச் சாப்பாடு. மருந்து இரண்டு குழுவுக்கும் ஒன்றேதான். 1959-ல் முடிவு வெளியானது. ஒரு வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. பெரிய வித்தியாசம் இல்லை! வீட்டில் உள்ள மற்றவர்களுக்குத் தொற்றும் அதனால் அதிகமாகவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதில் இந்த சென்னை ஆய்வுக்கு முக்கியப் பங்கு உண்டு.

குணப்படுத்தியது பாலும் முட்டையும் இல்லை. நாள் தவறாமல் உள்ளே போன மருந்து. நாள் தவறாமல் போகிறதா என்று எப்படித் தெரிந்தது? சொல்லாமல் கொள்ளாமல் ஊழியர்கள் வீட்டுக்குப் போவார்கள். மிச்ச மருந்தை எண்ணுவார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதிப்பார்கள். அதாவது, ஏழையை நம்பி வீட்டுக்கு அனுப்பினார்கள். நம்பிவிட்டோமே என்று கைவிட்டுவிடாமல் பின்னாலேயே போனார்கள். பிறகு 1960-களில், ஒருவர் முன்னால் மருந்தை விழுங்கும் முறையும் அங்கே சோதிக்கப்பட்டது. பின்னாளில் உலகமெங்கும் போன 'டாட்ஸ்' திட்டத்துக்கு அது ஒரு முன்னோடி.

சந்தேகப்பட்டு வாசலில் நிற்பதும் அக்கறைப்பட்டு வாசலில் நிற்பதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். வாசலைத் திறக்கிறவருக்கு மட்டும் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில், மருத்துவம் என்பது நான்கு கூறு என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாகப் பக்கத்தில் இருந்து மருந்தைக் கொடுத்துக் கவனித்துக்கொள்பவர். நாம் முதல் மூன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். ஒரகடத்தில் மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, நோயாளி இருக்கிறார். அந்த நான்காவது ஆள்தான் இல்லை. அவர் தஞ்சாவூரிலோ, தர்மபுரியிலோ, பீகாரிலோ விட்டுவிட்டு வரப்பட்ட அம்மா.

2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2024-ல் வேலை செய்யும் இடங்களுக்கும் அது போனது. நல்ல காரியம். ஆனால் மாத்திரை வாசல்வரைதான் வர முடியும். வாசலிலிருந்து வாய்வரை உள்ள தூரம் இருக்கிறதே, அதை ஒரு மனுஷன்தான் கடக்க வைக்க முடியும்.

ஹாஸ்டல் ரூம்மேட் அந்த மனுஷனாக இருக்கலாம். சூப்பர்வைசர் இருக்கலாம், 'ஏன் மூணாவது தடவை?' என்று கேட்பதற்குப் பதில், 'நீங்க போய்ட்டு வாங்க, நான் நிக்கறேன்' என்று ஒரு வார்த்தை. நீங்கள் இருக்கலாம். நான் இருக்கலாம்.

அந்தப் பெண்மணிக்கு என்ன ஆயிற்று? நண்பர் அந்த வெள்ளை மாத்திரையை எடுத்துவிட்டு, வேறு வகை மாத்திரை எழுதினார். முதலிலிருந்து, குறைந்த டோஸில். அடுத்த மாதம் பிரஷர் கட்டுக்குள் வந்திருந்தது. மாற்றி எழுத ஆன நேரம் இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷம் வருவதற்கு எட்டு மாதமும் நாலு தையலும் ஆயிற்று.

(உங்களுக்கும் இப்படி ஏதாவது தொந்தரவு இருந்தால், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் போய், 'இதனால்தான் போட முடியவில்லை' என்று சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.)

அன்று ராத்திரி ஊருக்கு போன் போட்டேன். அம்மாவிடம் தினமும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மாத்திரை போட்டாச்சாம்மா?" "ஆச்சுடா." அதோடு என் கடமை முடிந்துவிடும். அன்றைக்குக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினேன்.

"அந்தப் பிரஷர் மாத்திரை உனக்கு ஒத்துக்குதாம்மா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்.

"அதைப் போட்டா காலு வீங்குதுடா. செருப்பே போட முடியல. ரெண்டு மாசமா பாதி பாதியாத்தான் ஒடிச்சுப் போட்டுக்கறேன். உங்கிட்ட சொன்னா கத்துவேன்னு..."

இப்போதே உங்கள் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். போட்டாச்சா என்று கேட்காதீர்கள். போட முடிகிறதா என்று கேளுங்கள்.